குட்டியானையின் முதுகில் ஒரு குட்டி வீடு: ‘ஸ்லைடு-இன் கேம்பர்’ நம்ம ஊர் ரோட்டுக்குச் சரிப்படுமா?

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் உருவாவதற்குள் அது எத்தனை முறை வண்டி ஏறி இறங்குகிறது தெரியுமா? நூல் நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து துணி ரோலாகச் சாயப்பட்டறைக்கு. அப்புறம் காம்பேக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பெரும்பாலும் ஒவ்வொன்றும் வேறு தெருவில், வேறொருவரின் ஜாப் ஒர்க் யூனிட்டில். இந்தத் தெருக்களை எல்லாம் ஒன்றாகத் தைத்து வைத்திருக்கும் ஊசி, ‘குட்டியானை’ என்று ஊரே செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸும் அதன் பங்காளிகளும்தான்.

சனிக்கிழமை சம்பளம் போட்டதும் ஊர் அடங்கும். ஞாயிறு அன்று இந்த வண்டிகளில் பாதி வீட்டு வாசலில் நிற்கும். அப்போதுதான் அந்த யோசனை வருகிறது. “ஏனுங்கண்ணா, ஒரு நாள் பூரா வண்டி சும்மாதானே நிக்குது? பின்னாடி ரூம் மாதிரி ஒண்ணு செஞ்சு தூக்கி வெச்சா, வால்பாறை, ஊட்டின்னு போய்ட்டு வந்தரலாமுங்களே?”

யோசனை புதிதல்ல. அமெரிக்க ரீல்ஸில் பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஒரு குட்டி வீட்டை ஏற்றிக்கொண்டு பாலைவனத்தில் காபி போடுகிறார்களே, அதே சமாச்சாரம். அதற்குப் பெயர் ‘ஸ்லைடு-இன் கேம்பர்’. கொங்குப் பகுதியில் இதைச் செய்து தரக்கூடிய வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. பஸ் பாடி கட்டும் கரூரும், லாரி பாடி கட்டும் நாமக்கல், திருச்செங்கோடும் கூப்பிடு தூரம். ஆக, செய்ய முடியுமா என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்தப் பெட்டியை சட்டம் என்னவாகப் பார்க்கும், வண்டி ஓடும்போது ஆட்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்ற இரண்டும்தான் கேள்வி. இரண்டாவதற்குத் தப்பான பதில் சொன்னால், வீட்டையே விற்க வேண்டி வரலாம்.

பெட்டி வேறு, வண்டி வேறு

கேரவன் என்றால் வண்டியும் வீடும் ஒன்று, பிரிக்க முடியாது. ஸ்லைடு-இன் அப்படி இல்லை. தனியாக நிற்கும் ஒரு பெட்டி. படுக்கை, சின்ன அடுப்பு மேடை, தண்ணீர் டேங்க், விளக்கு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்து உயர்த்தி, வண்டியை ரிவர்ஸில் அடியில் விட்டு, பெட்டியை இறக்கிக் கட்டிவிடுவார்கள். ஊர் திரும்பியதும் இறக்கி வைத்துவிட்டு, திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போகலாம். குட்டியானை வைத்திருப்பவருக்கு இந்த ஐடியா பிடிப்பதற்குக் காரணமே இதுதான். ஒரு நாள் சுகத்துக்காக ஆறு நாள் வருமானத்தை விட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதற்கு நீண்ட கதை உண்டு. எழுத்தாளர் ஜான் ஸ்டெயின்பெக் 1960-ல் ஒரு ஜிஎம்சி பிக்கப்பின் மேல் கேம்பர் பெட்டியை ஏற்றி, வளர்ப்பு நாயுடன் நாட்டைச் சுற்றி வந்தார். டான் கிஹோட்டேவின் குதிரையின் பெயரையே வண்டிக்கும் வைத்தார்: ரோசினாண்டே. அந்த வண்டி இன்றும் கலிபோர்னியாவின் சலினாஸ் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஆனால் நமக்கு உதவுகிற உதாரணம் அமெரிக்கா இல்லை, ஜப்பான். அங்கே ‘கெய் டிரக்’ என்று ஒரு வகை உண்டு: 660 சிசி இன்ஜின், 3.4 மீட்டர் நீளம், 350 கிலோதான் சுமை. நம்ம குட்டியானைக்குத் தம்பி மாதிரி. அதன் மேலும் மரப்பெட்டி வீடு ஏற்றி ஊர் சுற்றுகிறார்கள். எளிதாகக் கழற்றி இறக்க முடிகிற பெட்டி அங்கே வண்டியின் பாகமாக அல்ல, ‘ஏற்றிய சரக்கு’ என்றே கருதப்படுகிறது. அதனால் வண்டியைத் திருத்தியதாகக் கணக்கில்லை. பதிலுக்கு ஒரு நிபந்தனை: ஓடும்போது பெட்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. சரக்கில் ஆள் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த ‘சரக்கா, பாடியா’ என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டத்தைப் படிக்கவும் அதுதான் சாவி.

52-வது பிரிவு என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. பாடி வகை, காலி எடை, இருக்கை எண்ணிக்கை எல்லாமே அந்த விவரங்களில் அடக்கம். கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் எழுதி வைத்தது.

ஆகவே சரக்குத் தொட்டியை வெட்டி எறிந்துவிட்டு, சேசிஸ் மேல் பெட்டியை வெல்டிங் வைப்பது, கேபினின் பின் கண்ணாடியை அறுத்து பெட்டிக்குள் போக வழி விடுவது, உள்ளே நாலு சீட் போல்ட் போடுவது எல்லாமே நேராக 52-ல் போய் மாட்டும். “நம்ம ஏரியாவுல யாருங்க கேக்கப் போறாங்க?” என்று பட்டறையில் சொல்வார்கள். எஃப்.சி.க்குப் போகும்போது கேட்பார்கள். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டே.

பெட்டியில் ஒரு வெல்டிங் புள்ளியோ, சேசிஸில் ஒரு புது ஓட்டையோ இல்லாமல், பெல்ட்டால் மட்டும் கட்டப்பட்டு, அரை மணி நேரத்தில் இறக்கிவிட முடிகிற மாதிரி இருந்தால்? ஆர்.சி.யில் உள்ள எதுவும் மாறவில்லை. வண்டி இன்னும் அதே சரக்கு வண்டி. மேலே இருப்பது ஒரு சரக்கு. இந்த வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் ‘ஸ்லைடு-இன் கேம்பர்’ என்று பெயர் சொல்லி அனுமதிக்கும் வரி நம் விதிகளில் இல்லை. வழியில் நிறுத்தும் ஆய்வாளர் வேறு மாதிரி நினைக்கலாம். செலவு செய்வதற்கு முன்பு ஒரு படம் வரைந்து, அளவு போட்டு, வண்டி பதிவான அலுவலகத்தில் (திருப்பூர் வடக்கு என்றால் டி.என். 39, தெற்கு என்றால் டி.என். 42) எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

‘சரக்கு’ என்று சொல்லிவிட்டால், சரக்குக்கான விதிகளும் வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கேதான் ரீல்ஸ் பார்த்து வரைந்த படம் அடிவாங்குகிறது. மத்திய மோட்டார் வாகன விதி 93, ஏற்றிய சுமை பக்கவாட்டில் பாடியைத் தாண்டக் கூடாது, முன்னால் சரக்குத் தொட்டியின் முன்விளிம்பைத் தாண்டக் கூடாது, பின்னால் வண்டியின் கடைசி விளிம்பைத் தாண்டக் கூடாது என்கிறது. அமெரிக்க கேம்பரின் அடையாளமே கேபின் கூரைக்கு மேல் மூக்கு மாதிரி நீண்டிருக்கும் படுக்கைதான். நம் விதிப்படி அந்த மூக்கு அவுட். இப்படி நீட்டிக்கொண்டு போனால் சட்டத்தின் 194-வது பிரிவில் உள்ள அபராதம் 20,000 ரூபாய், கூடவே சுமையை இறக்கும் செலவும்.

எனவே நம்ம ஊர் பெட்டி, தொட்டிக்குள் அடங்கும் பெட்டியாகத்தான் இருக்க முடியும். டாடா ஏஸின் தொட்டி 2,200 மி.மீ. நீளம், 1,490 மி.மீ. அகலம். ஏழடி நீளம், கிட்டத்தட்ட ஐந்தடி அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் நீட்டிப் படுக்கலாம். கால்மாட்டில் ஒரு பை வைக்கலாம். குழந்தையோடு மூன்றாவது ஆள் என்றால் நெரிசல்தான்.

உள்ளே ஆள் ஏற்றினால்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

சரக்கு வண்டியில் ஆள் போவது கொங்கு நாட்டில் புதுசு இல்லை. கல்யாணம், கிடா வெட்டு, குலதெய்வம் கோயில், துக்க வீடு என்று எதற்கும் பின்னால் ஏறிக்கொள்வோம். திறந்த தொட்டியில் ஏறும்போதாவது மனசுக்குள் ஒரு பயம் இருக்கும். மெத்தை போட்டு, ஜன்னல் வைத்து, ஃபேன் ஓடும் பெட்டி என்றால் அந்தப் பயமும் போய்விடும். “பசங்க பின்னாடி படுத்துட்டு வரட்டும்” என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். ஆபத்து இங்கேதான். அந்தப் பெட்டியில் சீட் பெல்ட் கிடையாது. மோதல் சோதனை எதுவும் செய்யப்படாத பிளைவுட் சுவர்தான் பாதுகாப்பு. வண்டி சட்டென்று நின்றால், உள்ளே இருக்கும் தண்ணீர் கேனும் பேட்டரியும் ஆளைவிட முன்னால் பாயும்.

பணக் கணக்கும் இருக்கிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்த பயணிக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு கொடுக்கக் கடமைப்பட்டதல்ல என்று, ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்றிய சரக்கின் உரிமையாளர், அல்லது அவர் அனுப்பிய ஆள் என்றால் 1994 திருத்தத்துக்குப் பிறகு பாலிசிக்குள் வருவார். அவரும் கேபினில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பின்னர் வந்த தீர்ப்பு ஒன்று தெளிவாக்கியது. சில வழக்குகளில் முதலில் இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் சொல்வதுண்டு. எப்படிப் பார்த்தாலும் கடைசியில் பில் வந்து நிற்பது வண்டிக்காரர் வாசலில்தான். வண்டி டியூவே இன்னும் முடியாத ஒருவருக்கு அது என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னால் படுத்து வந்தவர் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்து ஆளாகவே இருப்பார் என்பது இன்னும் கொடுமை.

குட்டியானையில் ஆர்.சி. படி டிரைவரோடு சேர்த்து இரண்டு பேர். ஆக, இந்தப் பெட்டி இரண்டு பேருக்கான வீடு. மற்றவர்கள் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்ளட்டும். நிறுத்திய வண்டியில் தூங்குவது வேறு, ஓடும் வண்டியில் படுப்பது வேறு. பெட்டிக் கதவுக்கு வெளியில் இருந்து பூட்டு போட்டு, சாவியை டிரைவரிடம் கொடுத்துவிட்டால் பாதி வழியில் மனசு மாறாது.

எடை: கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்

2005-ல் வந்த முதல் ஏஸின் இன்ஜின் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். தாங்கும் சுமை 750 கிலோ. அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல் வந்தபோது 1.25 டன். 750 கிலோ என்றதும் தாராளம் என்று தோன்றும். கேபினில் இருக்கும் இரண்டு பேரின் எடையும் அதில்தான் கழியும் என்பதை மறந்துவிடுவோம்.

ஒரு தோராயக் கணக்கு. ஏழடிக்கு நாலரை அடி, உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே என்று பெட்டி செய்தால் ஆறு பக்கமும் சேர்த்து சுமார் 17 சதுர மீட்டர். 12 மி.மீ. பிளைவுட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ. அதுவே 135 கிலோவைத் தாண்டும். 25 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 1.6 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்கு 1.2 கிலோ, 60 மீட்டர் போட்டால் 70 கிலோ. இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவுக்கு மேல். அதற்குப் பதிலாக 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி போட்டால் 12 கிலோவில் முடிந்துவிடும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, அதில் பேரம் கிடையாது. மெத்தை, பாத்திரம், துணிமணி எல்லாம் சேர்த்தால் முந்நூறு, முந்நூற்றைம்பது கிலோவில் நிற்கும். இரண்டு ஆள் சேர்ந்தால் ஐந்நூறு.

வண்டி தாங்குமா? தாங்கும். தினமும் இதைவிட அதிகமாகவே துணி ரோல் ஏற்றுகிறது. ஆனால் துணி ரோல் தரையோடு கிடக்கும். இந்தப் பெட்டியில் பாதி எடை இடுப்புக்கு மேலே நிற்கும். பனியன் வேஸ்ட்டை மலை மாதிரி கட்டிக்கொண்டு போகும் டிரைவரிடம் கேளுங்கள். எடை கம்மிதான், ஆனால் வளைவில் வண்டி எப்படி ஆடும் என்று அவர் சொல்வார்.

காற்றை மறந்தே போவோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழையும் பாதையில்தான் உடுமலையும் தாராபுரமும் பல்லடமும் இருக்கின்றன. அத்தனை காற்றாலைகளை அங்கே யாரும் அழகுக்கு நட்டு வைக்கவில்லை. இந்தப் பெட்டியின் ஒரு பக்கச் சுவர் மூன்றரை சதுர மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகக் குறுக்குக் காற்று அதன் மேல் அடித்தால், ஏறக்குறைய 70 கிலோ எடையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்த மாதிரி. அதுவும் உயரத்தில். ஆடி மாதத்தில் தாராபுரம் ரோட்டில் பஸ்ஸை ஓவர்டேக் பண்ணும்போது, பஸ்ஸின் மறைவில் இருந்து வெளியே வரும் அந்த ஒரு நொடியில் ஸ்டீயரிங் கையில் இழுக்கும். பிடி தளர்ந்திருந்தால் வண்டி லேனை விட்டுப் போய்விடும்.

இதற்கு வைத்தியம், உயரத்தைக் குறைப்பதுதான். சரக்கு வண்டிக்கு நம் விதி தரும் உயர வரம்பு நாலு மீட்டர் வரை போகிறது. அதை நம்பி உயர்த்த வேண்டாம். ஜப்பானில் கெய் டிரக்கின் சுமை உயரம் தரையில் இருந்து 2.5 மீட்டர்தான், அதை இங்கேயும் மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். நின்று உடை மாற்ற முடியவில்லையே என்பவர்களுக்கு மடக்குக் கூரை இருக்கிறது: ஓடும்போது தாழ்ந்திருக்கும், நிறுத்தியதும் நாலு புறமும் கேன்வாஸ் சுவரோடு மேலே எழும்பும். அந்த கேன்வாஸ் கரூரில் கிடைக்கும். (திருப்பூர்க்காரர் என்பதற்காக நம்ம பனியன் துணியையே சுவருக்குப் போட்டுவிடாதீர்கள். நிட்டட் துணி இழுபடும், ஈரத்தை உறிஞ்சும். உள்ளே திரைச்சீலைக்கும் படுக்கை விரிப்புக்கும் அதுபோல் சுகம் வேறில்லை.)

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தண்ணீர் டேங்க், பேட்டரி, அடுப்பு மேடை மூன்றையும் கதவுப் பக்கமாக, கடைசியில் வைக்கவே எல்லோருக்கும் ஆசை. திறந்ததும் கைக்கு எட்டும் பாருங்கள். ஏஸின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.1 மீட்டர். பின்சக்கரத்துக்கு அரை மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், முன்சக்கரத்தின் மேல் இருந்து ஏறக்குறைய 24 கிலோ காணாமல் போகும். ஏற்கெனவே லேசான முன்பக்கம். மலையில் ஏறும்போது ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால், டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கனமானதெல்லாம் தரையோடு, பின் அச்சுக்கு முன்னால், கேபின் சுவரை ஒட்டி இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால் எடைமேடைக்கு விடுங்கள். நூலும் வேஸ்ட்டும் எடை போடுகிற ஊரில் அதற்குக் குறைவில்லை. காலி வண்டி ஒருமுறை, பெட்டியும் ஆட்களும் நிறைந்த தண்ணீருமாக ஒருமுறை. பிறகு முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி இரண்டு நிலையிலும் ஒருமுறை. முன்பக்க எடை காலி வண்டியில் இருந்ததைவிடக் குறைந்திருந்தால், உள்ளே சாமான்களை மாற்றி அடுக்க வேண்டும். அந்தச் சீட்டை டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். ஓவர்லோடு இல்லை என்பதற்கு வழியில் காட்டவும் உதவும்.

கட்டுவதில்தான் உயிர்

நம்ம ஊர் சின்ன டிரக்குகளில் ஒரு வசதி உண்டு. அமெரிக்க பிக்கப்பில் சக்கர மேடு தொட்டிக்குள் துருத்திக்கொண்டிருக்கும், பெட்டியை அதற்கேற்ப வளைத்துச் செய்ய வேண்டும். ஏஸிலோ தளம் ஒரே சமதளம். நேரான செவ்வகப் பெட்டி போதும். ஏற்றி இறக்கத் தனி ஜாக்கி வாங்காதவர்கள், குடோனில் இருக்கும் செயின் பிளாக்கையே பயன்படுத்தலாம்.

வசதியின் மறுபக்கம், வழுக்கும். இரும்புத் தளத்தின் மேல் இரும்பு ஃபிரேம் சோப்பு மாதிரி நகரும். நடுவே கனமான ரப்பர் பாய் ஒன்று அவசியம். சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரநிலை, சுமையின் எடையில் பத்தில் எட்டு பங்கு விசையை முன்னோக்கியும், பாதியைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் கட்டு தாங்க வேண்டும் என்கிறது. 350 கிலோ பெட்டி என்றால் திடீர் பிரேக்கில் 280 கிலோ இழுப்பு. துணி மூட்டை கட்டும் நைலான் கயிறு இதற்கு உதவாது. முத்திரையிட்ட தாங்குதிறன் உள்ள ராட்செட் பெல்ட் நான்கு, கீழ் மூலைகளில் இருந்து குறுக்காக. தொட்டியின் மெல்லிய தகட்டில் மாட்டாமல், சேசிஸோடு சேர்ந்த கொக்கிகளில் மாட்ட வேண்டும்.

அடுப்பு? முடிந்தால் வெளியே வைத்துச் சமையுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும், படுத்திருப்பவர் மூக்குக்கு நேராக. உள்ளேதான் அடுப்பு என்றால் தரை மட்டத்தில் ஒரு காற்றுத் துவாரமும் கூரையில் ஒன்றும் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். வீட்டு மானியச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் வெளிச் சந்தையில் கிடைக்கிறது. ஏசி ஓட வேண்டும் என்று இன்ஜினை ஆன் செய்துவிட்டு உறங்குவது தற்கொலைக்குச் சமம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. வெயில் பிரச்சினைக்கு ஒரே பதில், சுவருக்குள் தெர்மோகோல் மாதிரியான இன்சுலேஷன், எதிரெதிர் ஜன்னல், கூரை ஃபேன். டாய்லெட்டுக்கு பெட்ரோல் பங்க்.

முறையான வழியும் இருக்கிறது

குடும்பத்தோடு, நாலைந்து பேர் போக வேண்டும் என்றால் பெட்டி யோசனையை விட்டுவிட்டு, அங்கீகாரம் பெற்ற கேரவன் பக்கம் போவதே சரி. மோட்டார் கேரவன்களுக்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரநிலை இருக்கிறது. புனேயின் ஏஆர்ஏஐ, சென்னை ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற சோதனை மையங்கள் இருக்கின்றன. பதிவேட்டில் ‘கேம்பர் வேன்’ என்றே தனி வகையும் உண்டு, சொந்தப் பயன்பாட்டுக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று. ஒரு வண்டிக்கு மட்டும் இந்த அங்கீகாரத்தைத் தனியாளாக வாங்குவது நேரமும் பணமும் கரைக்கும் வேலை. அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரிடம் போவதுதான் நடைமுறை.

இதில் தமிழ்நாட்டுக்கே ஒரு பங்கு இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் இன்குபேட் ஆன ‘கேம்பர்வேன் ஃபேக்டரி’ என்ற நிறுவனத்துடன் மஹிந்திரா 2022 இறுதியில் ஒப்பந்தம் போட்டது. பொலேரோ கேம்பர் கோல்டு பிக்கப்பின் மேல், நாலு பேர் படுக்கக்கூடிய, சமையலறையும் பயோ டாய்லெட்டும் உள்ள வீட்டைக் கட்டுவது திட்டம். ஏஆர்ஏஐ அங்கீகாரம் பெற்ற வடிவமைப்பு என்று அறிவிக்கப்பட்டது. ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்: ‘பொலேரோ கேம்பர்’ என்ற பெயரைப் பார்த்து அது ஏற்கெனவே படுக்கை வைத்த வண்டி என்று நினைப்பவர்கள் உண்டு. அது இரட்டைக் கேபின் பிக்கப்தான். ஆனால் அந்த இரட்டைக் கேபின்தான் இங்கே விஷயம். ஆட்கள் பெல்ட் போட்டு கேபினில் உட்காரலாம், வீடு பின்னால் வரும்.

பெட்டியே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் எளிய வழி: மடக்குக் கட்டில், நல்ல தார்ப்பாய், கொசுவலை. தொட்டிக்குள் சேர்ந்தே 40 கிலோ வராது. காற்றுப் பயம் இல்லை, ஆய்வாளர் பயம் இல்லை. ரீல்ஸுக்கு அவ்வளவு எடுபடாது. ஆனால் பழநி பாதயாத்திரைக்குப் போகும் குழுக்கள் தண்ணீரும் மருந்தும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வரும் வண்டியை இரவில் இப்படித்தான் பயன்படுத்துகின்றன.

எங்கே போகலாம்?

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் இருக்கும் டிரான்ஸ்போர்ட் வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் தேவையில்லை.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மஞ்சள் போர்டு சரக்கு வண்டி என்பதால், கார் போகிற நேரத்தில் எல்லாம் நீங்களும் போகலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வனப்பகுதிக்குள் ஓரங்கட்டித் தூங்குவது எந்த வண்டிக்கும் அனுமதி இல்லாத விஷயம்.

முதல் பயணமே மலை ஏற்றமாக இருக்க வேண்டாம். பெரும்பாலும் சமவெளியாகவே போகும் திருமூர்த்திமலை நல்ல ஒத்திகை: பல்லடம், உடுமலை வழியாக ஒரு ஞாயிறு காலை போய், அணையைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் உடுமலை திரும்பி, அனுமதி கேட்டு ஒரு பங்கிலோ மண்டப வாசலிலோ வண்டியை நிறுத்தித் தூங்கிப் பார்க்கலாம். அணையை ஒட்டியது ஆனைமலை புலிகள் காப்பகம், அங்கே இரவு தங்கும் யோசனை வேண்டாம். போகும் வழியில் பல்லடம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி நாலு பெல்ட்டையும் இன்னொரு பல் இழுத்து விடுங்கள். புது ரப்பர் பாய் அமுங்குவதால் முதல் சில கிலோமீட்டரிலேயே கட்டு தளர்ந்திருக்கும்.